தமிழ் வரலாற்று மிகைபுனைவுகளில் மர்மம்

தமிழில் வரலாற்று மிகைபுனைவு என்று வகைப்படுத்தப்படும் நாவல்களின் வாசக ஈர்ப்புக்கு முதன்மையான காரணம், அவற்றில் காதலும் மர்மமும் ஒரே இழையாகப் பின்னப்பட்டிருப்பது. மன்னர்களும் போர்களும் கோட்டைகளும் பின்னணியாக அமைய, மாறுவேடம், பிறப்பு ரகசியம், காணாமல்போன பொருள், விடை தெரியாத கொலை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ கதையை முன்னெடுத்துச் செல்கின்றன. கல்கியின் பொன்னியின் செல்வன் இவ்வகையின் உச்சமாகக் கருதப்படுகிறது. அந்நாவலின் மையத்திலுள்ள ஆதித்த கரிகாலன் கொலை வரலாற்றிலும் முழுமையாக விளக்கப்படாத நிகழ்வு. அந்த மர்மம் எவ்வாறு செயல்படுகிறது, எங்கே திறந்து விடப்படுகிறது, எங்கே மூடப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நாவலில் சதிகாரர்களாக வருபவர்கள் பாண்டியரின் ஆட்கள் என்பதால், பாண்டிய நாட்டின் தென்பகுதியான தாமிரபரணிச் சமவெளியிலிருந்து பார்க்கும்போது கிடைக்கும் கோணமும் சேர்த்துக் கொள்ளப்பட்டுள்ளது.

தோற்றம்

தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் குறிப்பிடப்படுவது திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை எழுதி 1895ல் சென்னையில் வெளியான மோகனாங்கி. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட இந்நாவலிலேயே அரசியலும் காதலும் இணைந்துவிட்டன. ஆனால் மர்மம் தனி வகையாக வளர்ந்தது வேறு இடத்தில். இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் ஆங்கில நாவல்களைத் தழுவியும் அவற்றின் பாணியிலும் எழுதிய துப்பறியும் கதைகள் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கின. ஆள்மாறாட்டம், மறைக்கப்பட்ட கடிதம், நிலவறை, திடீர் வெளிப்பாடு ஆகியவற்றுக்குத் தமிழ் வாசகர் பழகியது இந்நாவல்கள் வழியாகத்தான்.

இவ்விரு போக்குகளையும் இணைத்தவர் கல்கி. 1941ல் கல்கி இதழ் தொடங்கியபின் அதில் தொடராக வெளிவந்த பார்த்திபன் கனவு, அடுத்து வந்த சிவகாமியின் சபதம், 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் ஆகிய மூன்றிலும் துப்பறியும் நாவலின் உத்திகள் பல்லவர், சோழர் வரலாற்றுக்குள் குடியேறின. ஐரோப்பாவில் இந்த இணைப்பு முன்பே நிகழ்ந்திருந்தது. வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோவில் கருங்கவச வீரனாக வருபவன் மன்னன் ரிச்சர்ட் என்பது பின்னர்தான் தெரிகிறது. பார்த்திபன் கனவின் சிவனடியார் யார் என்ற புதிரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

வார இதழ் இந்த வடிவத்துக்கு இன்றியமையாததாக இருந்தது. ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய வாசகருக்கு ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அலுவலகத்திலும் விவாதிக்கப்பட்டது. தொடரின் பக்கங்களைச் சேர்த்து வைத்து பைண்டு செய்து பாதுகாத்த குடும்பங்கள் தமிழகம் முழுவதும் இருந்தன. பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த ஓவியங்களும் அத்தொகுப்புகளில் சேர்ந்தே நினைவில் நின்றன. இந்நாவல்களின் மர்மம் ஒருவர் தனியாக அமர்ந்து ஒரே இரவில் அவிழ்க்கும் புதிராக இருக்கவில்லை. ஒரு சமூகம் பல மாதங்கள் சேர்ந்து சுமந்த ஐயமாக இருந்தது.

மர்மத்தின் வகைகள்

தமிழ் வரலாற்று மிகைபுனைவுகளில் காணப்படும் மர்மங்களை நான்காகப் பிரிக்கலாம்.

மாறுவேடம்: ஒரு பாத்திரம் தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு உலவுவது. பார்த்திபன் கனவின் சிவனடியாரும், ரத்தின வியாபாரியாகத் திரும்பிவரும் விக்கிரமனும் எடுத்துக்காட்டுகள். இவ்வகை எளிதில் ஊகிக்கத் தக்கது. பெரும்பாலான வாசகர்கள் ஆசிரியர் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இங்கு இன்பம் கண்டுபிடிப்பதில் இல்லை. நமக்குத் தெரிந்தது கதைமாந்தருக்கு எப்போது தெரியவரும் என்று காத்திருப்பதில் இருக்கிறது.

பிறப்பு ரகசியம்: ஒருவர் யாருடைய பிள்ளை என்பது மறைக்கப்பட்டிருப்பது. சிவகாமியின் சபதத்தில் நாகநந்தி அடிகளுக்கும் புலிகேசிக்கும் உள்ள உருவ ஒற்றுமையின் காரணம், பொன்னியின் செல்வனில் நந்தினி, மதுராந்தகன், சேந்தன் அமுதன் ஆகியோரின் பிறப்பு ஆகியவை இவ்வகை. அரசுரிமை குருதி வழியே வரும் உலகில் பிறப்பு ரகசியம் தனிமனிதச் சிக்கலாக நிற்பதில்லை. அது உடனே அரசியல் ஆகிவிடுகிறது.

மறைந்த பொருள்: மணிமுடி, வாள், முத்து, ஓலை போன்றவற்றைத் தேடுவது. பாண்டியன் மூன்றாம் ராஜசிம்மன் சோழன் பராந்தகனிடம் தோற்று, தன் முடியையும் அரசுச் சின்னங்களையும் இலங்கையில் அடைக்கலமாக விட்டுச் சென்றதை மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் கூறுகிறது. பராந்தகன் அவற்றைக் கேட்டுப் படை அனுப்பியும் பெற முடியவில்லை. பின்னர் ராஜேந்திர சோழன் கைப்பற்றியதை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையுடன் சொல்கிறது. நா. பார்த்தசாரதியின் பாண்டிமாதேவியும் அகிலனின் வேங்கையின் மைந்தனும் இந்த முடியின் கதையை இரு எதிர்த்திசைகளில் இருந்து எழுதியவை.

விடை தெரியாத கொலை: நான்கில் மிக அரிதானதும் ஆழமானதும் இதுவே. ஆதித்த கரிகாலன் கொலை இதன் முதன்மை எடுத்துக்காட்டு.

முதல் இரண்டு வகைகளையும் நாவலாசிரியர் தன் விருப்பம்போல உருவாக்கிக்கொள்ள முடியும். பின்னிரண்டும் பெரும்பாலும் வரலாறு விட்டுச்சென்ற இடைவெளியில் வேர்கொள்கின்றன. சாண்டில்யனின் நாவல்களில் முதல் வகை மிகுதி. அவருடைய மர்மங்கள் அத்தியாயத்தின் முடிவில் தோன்றி அடுத்த அத்தியாயத்தில் பெரும்பாலும் கரைந்துவிடுபவை. வாசிப்பு வேகத்தைக் கூட்டும் அவை, நாவலை மூடிவைத்தபின் கேள்வியாக எஞ்சுவதில்லை.

காதலும் மர்மமும்

இந்நாவல்களில் காதல் மர்மத்துக்கு இடையில் வரும் ஓய்வு என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. நாவல்களின் அமைப்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மர்மக் கதையின் அடிப்படைக் கேள்வி ‘இவர் உண்மையில் யார்?’ என்பது. காதல் கதையின் அடிப்படைக் கேள்வியும் அதுவே. எதிரில் நிற்பவரை நம்பலாமா, அவர் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்ற ஐயமும் ஆவலும் இரண்டுக்கும் பொது.

பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவனும் குந்தவையும் முதன்முதலில் குடந்தை சோதிடர் வீட்டில் ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறியாமல் சந்திக்கிறார்கள். வரலாற்றில் இவ்விருவரைப் பற்றிய காதல் செய்தி எதுவும் இல்லை. குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுவது மட்டுமே உள்ளது. கல்வெட்டிலுள்ள ஒரு கணவன் பெயரிலிருந்து ஒரு வாழ்க்கையையே கல்கி உருவாக்கினார். ஐந்து பாகங்களில் பெரும்பகுதி வாசகர் உலகைப் பார்ப்பது அந்தப் பெயருக்கு உரியவனின் கண்கள் வழியாக.

ஆதித்த கரிகாலன், நந்தினி உறவு இதன் இருண்ட பக்கம். அவள் உயிர்ப்பிச்சை கேட்டும் வீரபாண்டியனைக் கொன்ற கரிகாலன், அந்தக் குற்றவுணர்விலிருந்து கடைசி வரை மீள்வதில்லை. அவள் யார் என்பது அவனுக்கும் தெரியாது. அவளுக்கே தெளிவாகத் தெரியாது. காதலியா, உடன்பிறந்தவளா, பகைவனின் மனைவியா, மகளா என்ற கேள்விகள் மாறி மாறி எழுகின்றன. நாவல் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு குறிப்புகளைத் தந்து எதையும் முழுவதுமாக உறுதிசெய்யாமல் விடுகிறது. கடம்பூர் மாளிகைக் கொலைக் காட்சி இத்தனை வலுவுடன் இருப்பதற்குக் காரணம் இந்த இரட்டைத் தன்மை. கொலை செய்தது யார் என்ற கேள்வியும் நந்தினி யார் என்ற கேள்வியும் அந்த அறையில் ஒன்றாகின்றன. விளக்கு அணைகிறது. இரண்டு கேள்விகளும் இருளிலேயே நிற்கின்றன.

கல்வெட்டும் நாவலும்

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலிய சகோதரர்களின் சொத்துகளையும், அவர்களுடைய உறவினரின் சொத்துகளையும் பறிமுதல் செய்ய மன்னன் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பிய ஆணையை அது குறிப்பிடுகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள் உள்ளன. இவை அரசு உயர் அலுவலர்களுக்கு வழங்கப்பட்டவை. ஒன்றில் பாண்டியரைக் குறிக்கும் பஞ்சவன் என்ற சொல் இருக்கிறது. மற்றொன்று வெளிப்படையாகவே சோழப் பட்டம்.

கல்வெட்டு கொலையாளிகளைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. கொலைக்கும் இந்த ஆணைக்கும் இடையே உத்தம சோழனின் ஏறத்தாழ 15 ஆண்டு ஆட்சி முழுவதும் கடந்துபோனது ஏன் என்பதும் அதில் இல்லை. இந்த இடைவெளிதான் வரலாற்றாய்வாளர்களை ஈர்த்தது. அவர்களில் முதன்மையானவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் 1892ல் பிறந்தவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, அங்கேயே 1913 முதல் 1918 வரை விரிவுரையாளராகப் பணியாற்றினார். அக்கல்லூரியே இன்று பேட்டையில் இயங்கும் ம.தி.தா. இந்துக் கல்லூரி. இக்கல்வெட்டை ஆராய்ந்து எழுதிய சாஸ்திரி, 1935ல் வெளிவரத் தொடங்கிய சோழர் வரலாற்று நூலில், கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை முன்வைத்தார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் அதை மறுத்தார். அந்நூலின் முதல் பகுதி 1949ல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு பொன்னியின் செல்வன் தொடங்கியது.

அவ்வகையில், கல்கி எழுத அமர்ந்தபோது மர்மம் ஏற்கனவே வரலாற்றுத் துறையில் ஒரு வழக்காக நடந்துகொண்டிருந்தது. நாவல் அந்த வழக்கில் தன் தீர்ப்பைச் சொல்கிறது. அதைச் சொல்லும் விதம் நுட்பமானது. அரியணை ஆசை கொண்ட மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அல்ல. அவன் ஊமை ராணி மந்தாகினியின் மகன், பாண்டியக் குருதியோடு தொடர்புபடுத்தப்படுபவன். செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சிவபக்தன் சேந்தன் அமுதன். அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். சாஸ்திரி ஐயுற்ற உத்தம சோழன் இந்த ஆள்மாற்றத்தால் குற்றத்திலிருந்து முழுமையாக விடுவிக்கப்படுகிறான். அவன்மீது இருந்த ஆசையும் கறையும் போலி மதுராந்தகன் என்ற வேறொரு உடலுக்கு மாற்றப்பட்டு, அந்த உடல் சோழ குலத்தை விட்டே வெளியேற்றப்படுகிறது.

கொலையாளிகளிலும் அதே நகர்வு உள்ளது. கல்வெட்டில் சோழ அரசின் பட்டம் பெற்ற அலுவலர்களாகத் தோன்றும் ரவிதாசனும் சோமனும், நாவலில் வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கச் சபதமெடுத்த பாண்டிய ஆபத்துதவிகளாக ஆகிறார்கள். வீட்டுக்குள் நிகழ்ந்திருக்கக்கூடிய குற்றம் வெளியே இருந்து வந்த பகையாக மாறுகிறது.

பொருநைக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

திருநெல்வேலி நகரத்தின் மேற்கில் உள்ளது பேட்டை. அங்கிருந்து தென்காசி செல்லும் ரயிலில் ஏறினால் சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையின் ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். பொன்னியின் செல்வன் நிகழும் காவிரிக் கரையிலிருந்து இது வெகு தொலைவு. ஆனால் அந்நாவலின் நிழலில் நிற்கும் பாண்டிய நாட்டின் ஒரு பகுதி இதுதான்.

அம்பாசமுத்திரத்தை ஒட்டிய மன்னார்கோயில் ராஜகோபாலப் பெருமாள் கோயிலுக்குச் சோழர் காலத்தில் ராஜேந்திர சோழ விண்ணகர் என்று பெயர். அதைக் கட்டியவன் ஒரு சேர மன்னன், பெயரோ சோழனுடையது. அருகிலுள்ள திருவாலீஸ்வரம் கோயிலில், மூன்றுகை மகாசேனை என்ற சோழப் படைப்பிரிவு தன் வெற்றிகளைப் பட்டியலிட்டு, அக்கோயிலைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதைச் சொல்லும் கல்வெட்டு உள்ளது. பாண்டிய நாடு ராஜராஜப் பாண்டி நாடு என்று அழைக்கப்பட்டது. ராஜேந்திரன் தன் மகனையே சோழ பாண்டியன் என்ற பட்டத்துடன் மதுரையில் அமர்த்தினான். வென்றவர்கள் ஊருக்கும் கோயிலுக்கும் நாட்டுக்கும் தங்கள் பெயரை இட்டதன் தடயங்கள் இவை.

இந்தப் பின்னணியில் இன்னொரு செய்தி முக்கியமானது. ஆதித்த கரிகாலன் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டத்தைச் சூடியவன். ஆனால் அந்த வீரபாண்டியன் அதற்கு முன்பே தன் கல்வெட்டுகளில் ‘சோழன் தலைகொண்ட’ என்ற பட்டத்துடன் காணப்படுகிறான். ஒரு தலைக்கு இன்னொரு தலை என்பதே அக்காலப் போர் அரசியல் இருபுறமும் பேசிய மொழி. பொன்னியின் செல்வன் கதை இந்தச் சங்கிலியின் நடுவில், பாண்டியன் தலை விழுந்த இடத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் விழுந்த தலை கதையை நகர்த்துவதில்லை. அதனால் பாண்டியரின் பழி ஒரு நீண்ட கணக்கின் பகுதியாகத் தெரியாமல், சுரங்கப் பாதைகளிலும் பள்ளிப்படைக் காடுகளிலும் நள்ளிரவில் கூடும் மனிதர்களின் வெறியாகத் தெரிகிறது. மர்மக் கதைக்கு இருட்டில் நடமாடும் ஆட்கள் தேவை. அந்த வேலை தோற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது.

இது கல்கி ஒருவரின் சாய்வு என்று சொல்லிவிட முடியாது. எந்த ஊரின் கண்ணால் எழுதப்படுகிறதோ அந்த ஊருக்கு வெளியே மர்மம் குற்றவாளியைத் தேடுவது இவ்வகையின் பொதுக் குணம். பாண்டியன் முடியைப் பற்றிய இரு நாவல்களும் இதற்குச் சான்று. வேங்கையின் மைந்தனில் இலங்கையில் மறைத்துவைக்கப்பட்ட முடி மீட்கப்பட வேண்டிய பொருள். அதைத் தேடிச் செல்பவன் கொடும்பாளூர் இளங்கோவேள், சோழப் பேரரசின் வீரன். பாண்டிமாதேவியில் அதே முடி தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அரச குடும்பத்தின் கடைசி உடைமை. அங்கு நாடிழந்த மகனை எண்ணிக் கலங்கும் தாய் வானவன்மாதேவியே மையம். ஒரே பொருள், ஒரே வரலாற்றுக் குறிப்பு. ஒன்றில் அது வேட்டைப் பொருள், மற்றொன்றில் இழப்பின் அடையாளம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர், மர்மத்தை அவிழ்ப்பவன் யார் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது என்பதைக் காணலாம்.

பிறமொழி ஒப்பீடு

பொன்னியின் செல்வன் தொடராக வந்துகொண்டிருந்த 1951ல், ஆங்கிலத்தில் ஜோசஃபின் டே எழுதிய தி டாட்டர் ஆஃப் டைம் வெளிவந்தது. மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு காவல்துறை அதிகாரி, மூன்றாம் ரிச்சர்ட் தன் அண்ணன் மகன்களான இரு சிறுவர்களைக் கொன்றானா என்ற பழைய வழக்கைப் புத்தகங்கள் வழியாகவே மறுவிசாரணை செய்யும் கதை அது. ரிச்சர்ட் குற்றமற்றவன் என்ற முடிவுக்கு நாவல் வருகிறது.

இரு நாவல்களும் அரச குடும்பத்துக் கொலை ஒன்றை எடுத்துக்கொண்டு, வரலாற்றாசிரியர்களால் ஐயுறப்பட்ட ஒரு மன்னனை விடுவிக்கின்றன. வேறுபாடு திசையில் உள்ளது. ரிச்சர்ட் போரில் தோற்றுக் கொல்லப்பட்டவன். அவனைப் பற்றிய கதை வென்ற ட்யூடர்களின் ஆட்சியில் எழுதப்பட்டது. டேயின் நாவல் வென்றவர்களின் ஆவணத்தை ஐயுறுகிறது. பொன்னியின் செல்வன் வென்ற குலத்துக்குள் இருந்த ஐயத்தைத் துடைக்கிறது. வரலாற்று மர்மம் இந்த இரண்டில் எதையும் செய்யக்கூடிய கருவி. டேயின் நாவலில் காதலுக்கு இடமே இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அது ஒரு வாதம். வாசகரை ஒப்புக்கொள்ள வைப்பதோடு அதன் பணி முடிகிறது. நந்தினி போன்ற ஒருவர் அதில் எஞ்சுவதில்லை.

விமர்சனங்கள்

க. நா. சுப்ரமண்யம் உள்ளிட்ட நவீனத்துவ விமர்சகர்கள் கல்கி மரபு நாவல்களை இலக்கியத் தகுதி அற்ற பொழுதுபோக்கு எழுத்தாகவே கருதினர். மணிக்கொடி மரபின் பார்வையும் பெரும்பாலும் அதுவே. அம்மரபின் முதன்மைப் படைப்பாளியான புதுமைப்பித்தன், நீலகண்ட சாஸ்திரி பணியாற்றிய அதே திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து 1931ல் பட்டம் பெற்றவர். ஒரே கல்லூரியோடு தொடர்புடைய இவ்விருவரில் ஒருவர் சோழர் வரலாற்றை எழுதி மிகைபுனைவுக்கு மூலப்பொருள் அளித்தார். மற்றவர் அன்றாட மனிதரின் வாழ்க்கையை எழுதி அவ்வகை எழுத்துக்கு எதிர்நிலையாக அமைந்தார்.

பொழுதுபோக்கு என்ற மதிப்பீட்டில் உண்மை உண்டு. இந்நாவல்களின் பாத்திரங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. தற்செயல் நிகழ்வுகள் மிகுதி. உரையாடல்கள் அக்காலத்துக்கு உரியவை அல்ல. ஆனால் இக்குறைகளை மட்டும் சொல்வது இவ்வகை நாவல்கள் மூன்று தலைமுறைகளாக ஏன் படிக்கப்படுகின்றன என்பதை விளக்காது. மாறுவேடமும் திடீர்த் திருப்பமும் மட்டுமே காரணம் என்றால், அவற்றைக் கல்கியை விட மிகுதியாகப் பயன்படுத்திய பல நாவல்கள் மறக்கப்பட்டிருக்காது.

இன்னொரு விமர்சனம், வாசகர்கள் கற்பனையை வரலாறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கற்பனைப் பாத்திரங்கள் என்பதை அறியாதவர்கள் இன்றும் பலர். மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரு பாகங்கள் 2022லும் 2023லும் வெளிவந்தபோது, கரிகாலனைக் கொன்றது யார் என்ற விவாதம் மீண்டும் எழுந்தது. அதில் கல்வெட்டும் நாவலும் பல இடங்களில் ஒன்றாகக் கலந்தே பேசப்பட்டன. இக்குழப்பம் உண்மையானது. எனினும், உடையார்குடிக் கல்வெட்டு என்ற பெயரைத் தமிழகத்தின் பொது வாசகர் அறிந்திருப்பதற்குக் காரணமும் அந்நாவலே. ஒரு நிலப் பறிமுதல் ஆணையைத் தேடிப் படிக்கும் ஆர்வத்தை வேறெந்த நூலும் இத்தனை பேருக்குத் தந்ததில்லை.

மர்மத்தை முடிப்பதும் விடுவதும்

பொன்னியின் செல்வன் முடிந்தபின், பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கை பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் வகையில் கல்கி ஒரு முடிவுரை எழுதினார். ஆயினும் கொலை பற்றிய கேள்வி ஓயவில்லை. பெரிய பழுவேட்டரையர் தன் கத்தியே கரிகாலனைக் கொன்றது என்று சொல்கிறார். அதை நம்ப வேண்டுமா, ஒருவரைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட பழியா என்பது வாசகரிடமே விடப்படுகிறது. விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி பொன்னியின் செல்வனின் கதையைத் தொடர்ந்து எழுதியது. பாலகுமாரனின் உடையார் ராஜராஜனின் காலத்துக்கு நகர்ந்தது. விடப்பட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற உந்துதல் அடுத்தடுத்த எழுத்தாளர்களுக்கும் இருந்தது.

துப்பறியும் நாவலில் விடை சொல்லப்பட்டதும் கேள்வி இறந்துவிடும். இரண்டாம் முறை படிப்பவர் குறைவு. வரலாற்று மிகைபுனைவு அந்த விதிக்கு விலக்காக நிற்க முடிகிறது. அதன் கேள்விக்கு நாவலுக்கு வெளியேயும் ஓர் இருப்பு உண்டு. கோயில் சுவரில் கல் இருக்கிறது. அதில் பெயர்கள் இருக்கின்றன. காரணம் மட்டும் இல்லை. நாவலாசிரியர் எந்த விடையைச் சொன்னாலும் வாசகர் மீண்டும் கல்லிடம் திரும்பி வர முடியும்.

மதிப்பீடு

வரலாற்று மிகைபுனைவில் மர்மத்தின் ஈர்ப்பு, விடையை அறியும் ஆவலிலிருந்து மட்டும் வருவதில்லை. காதல், மர்மம், வரலாறு மூன்றும் ‘இவர் யார்?’ என்ற ஒரே கேள்வியில் குவியும்போது அது முழு வலிமை பெறுகிறது. அக்கேள்வி வரலாற்றின் உண்மையான இடைவெளியில் நிலைகொள்ளும்போது நாவலைத் தாண்டியும் நீடிக்கிறது. பொன்னியின் செல்வன் நீடிப்பதற்கும், அதைப் பின்பற்றிய பல நாவல்கள் நீடிக்காததற்கும் இதுவே காரணம்.

அந்நாவலின் நேர்மையையும் சாய்வையும் அதே அளவுகோலால் அளக்கலாம். கல்கி மர்மத்தை மூடிய இடத்தில் நாவல் கட்சி சேர்கிறது. மதுராந்தகனின் பிறப்பை அவிழ்த்து உத்தம சோழனை விடுவித்த இடம் அது. அங்கே சோழ அரண்மனை தூய்மையாகிறது, பாண்டியர் பக்கம் மொத்தக் கறையும் சேர்கிறது. அவர் மர்மத்தைத் திறந்தே விட்ட இடத்தில் நாவல் பெரிதாகிறது. நந்தினி அந்த இடம். அவள் யார் என்று முடிவாகத் தெரியாததால், அவளைச் சதிகாரி என்று ஒரே சொல்லில் ஒதுக்கவும் முடிவதில்லை. தலை துண்டிக்கப்பட்ட ஒரு மன்னனின் நாட்டுக்கு இருந்திருக்கக்கூடிய துயரமும் சினமும் நாவலில் குரல் பெறுவது அவள் வழியாக மட்டுமே. வெற்றி பெற்ற குலத்தின் கதையாகத் திட்டமிடப்பட்ட நாவலில், வாசகர் நினைவில் மிக அழுத்தமாக நிற்பவர்களில் ஒருத்தி தோற்றவர்களின் பக்கம் நிற்பவள். பொருநைக் கரையின் வாசகரும் காவிரிக் கரையின் வாசகரும் ஒரே நாவலைத் தங்களுடையதாகப் படிக்க முடிவது, ஆசிரியர் அவிழ்க்காமல் விட்ட அந்த ஒரு முடிச்சினால்தான்.